தேங்காயெண்ணெய் நட்சத்திரம்

வேளச்சேரி மாலில் கண்ணாடிச் சுவர்மேல் தண்ணீர் வழிகிறதே, அது நான் கட்டியது. அடையாறு ஓட்டல் நீரூற்று, தி.நகர் நகைக்கடை வாசலில் ஓடும் ஓடை, எல்லாம் நான்தான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இவனுக்கு என்ன தெரியும் என்றவர்களே பிறகு கார் அனுப்பிக் கூப்பிட்டார்கள். இந்தத் தொழிலை நான் தொடங்கியது சாந்தோமில், என் தாய்மாமன் வைத்த கிறிஸ்துமஸ் குடிலில்.

மாமா எதையும் பாதியில் விடுகிறவர் என்று பெயரெடுத்திருந்தார். எதிர்வீட்டுப் பெண்ணை அவருக்குக் கேட்டபோது, ஒரு காரியமாவது முழுசாக முடித்திருக்கிறானா என்று அவளுடைய அப்பா திருப்பியனுப்பிவிட்டார். அவர்கள் குடும்பத்தோடு குடில் பார்க்க வருகிறார்கள் என்றதும், மாமா குடிலுக்குள் ஓர் ஆறே விட்டார். நீளமான கண்ணாடித் தொட்டி, அடியில் நீலத்தாள், மாடி டிரம்மிலிருந்து இறங்கும் குழாய்.

தண்ணீர் நுரைத்துக்கொண்டு விழுந்தது. காற்றுக்குமிழிகள் ஓரிடத்தில் மட்டும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நகர மறுத்தன. உற்றுப் பார்த்தால் ஐந்து விரலோடு ஒரு கை.

"இன்னாடா இது, எவன் கை?"

தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு தொட்டியைத் துடைத்தவன் நான். முதுகில் ஒன்று விழுந்தது. அழுதுகொண்டே கேட்டேன்: "கை வருதுன்னா ஸ்டாரும் வரும்ல மாமா?"

மாமா ஓங்கிய கையை இறக்கினார். பிறகு இருவருமாகச் சீயக்காய் போட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவினோம். காய்ந்ததும் நான் விரலில் எண்ணெய் தொட்டு நட்சத்திரம் வரைந்தேன். தண்ணீர் விட்டால், மற்ற இடத்திலெல்லாம் குமிழிகள் வழுக்கிக்கொண்டு ஓடின. எண்ணெய் பட்ட இடத்தில் மட்டும் நின்று, ஓடும் ஆற்றுக்குள் வெள்ளியாக மின்னின.

"எவன்கிட்டயாவது சொன்னே, தோலை உரிச்சிடுவேன்" என்றார் மாமா.

மாலையில் பார்த்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பெண்ணின் அப்பா வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு மாமாவின் தோளைத் தட்டினார். அந்தப் பெண் மட்டும் தண்ணீருக்குள் விரலை விட்டு, நட்சத்திரத்தின் ஒரு முனையைத் தொட்டு, முகர்ந்து பார்த்தாள். மாமாவைப் பார்த்துச் சிரித்தாள். ஒன்றும் சொல்லாமல் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். குட்டு உடைந்தது என்று பயந்து நான் அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். கண்டுபிடித்தவள் ஏன் சிரிக்க வேண்டும் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.

அந்தப் பெண்தான் என் அத்தை. அடுத்த மாதம் அவர்களுக்குத் திருமணப் பொன்விழாப் பூசை. அது எண்ணெய்தான் என்று அத்தைக்கு அன்றே தெரியும். வரைந்தது யாருடைய விரல் என்பதைத்தான் மாமா இன்றுவரை சொல்லவில்லை. பூசை முடிந்ததும் மைக்கில் சொல்லட்டும். இல்லாவிட்டால் மைக்கை நான் வாங்கிக்கொள்வேன்.