ஜீப் வெடித்தது, நாங்கள் கைதூக்கினோம்

இனக்கலவரத்தில் எரித்துவிடுவார்களோ என்று பயந்து, கட்டுகஸ்தோட்டை வீட்டுக் கொட்டகையில் பூட்டிவைத்த ஜீப்பைச் சில வருடங்கள் கழித்து வெளியே எடுத்தோம். புது பெட்டரி, புது பெட்ரோல் போட்டும், காலையிலிருந்து இருமியதே தவிர ஓடவில்லை. என் கணவர் எரிச்சலில் டயரை உதைத்தார்.

"இன்னொருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்றேன்.

அவர் சாவியைத் திருப்பியதும் துப்பாக்கி சுட்டதுபோல் சைலன்சர் வெடித்தது. பாலத்தடிச் சோதனைச் சாவடியிலிருந்து இராணுவத்தினர் ஓடிவந்து துப்பாக்கியை நீட்டினார்கள். கைகளைத் தூக்கினோம். வெடித்தது ஜீப்தான் என்று சிங்களத்தில் கெஞ்சினேன். திரும்ப வெடிக்கவைத்துக் காட்டச் சொன்னார்கள். பாழாய்ப்போன ஜீப் அப்போது பார்த்து அமைதியாக ஓடியது!

நல்லவேளை, சைலன்சரை அடைத்திருந்த எலிக்கூடு கரியோடு சுவரில் அப்பியிருந்ததை அவர்களில் ஒருவர் கண்டார். துப்பாக்கிகள் தாழ்ந்தன.

இப்போதெல்லாம் சைலன்சருக்குள் கம்பி விட்டுப் பார்த்து, சாவடியிலும் சொல்லிவிட்டுத்தான் சாவியைத் தொடுகிறோம்.