துடைக்காமல் கொண்டு வாருங்கள்

எந்தப் பிஸ்டலும் ரிப்பேர்க்காரன் முன்னால் மக்கர் பண்ணுவதில்லை. மிக்ஸி, செல்போன், கார் என்று எதைப் பழுது பார்த்துப் பிழைப்பவராக இருந்தாலும், இந்த வயிற்றெரிச்சல் உங்களுக்குச் சொல்லாமலே புரியும். நான் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வேலை பழகியவன். இப்போது ஆக்லாந்தில் ஒரு துப்பாக்கிக் கடையின் பின்பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்திருக்கிறேன். மாப்பிள்ளைக்குத் துப்பாக்கிக் கடையில் வேலை என்று வெளியே சொல்ல என் மாமியாருக்கு இன்னும் வாய் வரவில்லை. "இரும்புச் சாமான் கடை" என்று சொல்லிச் சமாளிக்கிறார்.

என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகிறவர்கள். ஒரே இடத்தில் நின்று பொறுமையாகக் குறிபார்க்கும் போட்டி இல்லை இது. கடிகாரம் 'பீப்' என்றதும் தடுப்புகளுக்கு நடுவே ஓடி ஓடி, அட்டைகளையும் இரும்புத் தகடுகளையும் சுட்டு முடிக்க வேண்டும். நடுவர் கடிகாரத்தோடு பின்னாலேயே வருவார். பாதியில் தோட்டா சிக்கித் துப்பாக்கி மாட்டிக்கொண்டால் அந்த நேரமும் உங்கள் கணக்கில்தான் ஏறும். இன்னொரு தடவை சுட விடமாட்டார்கள். அதனால் இவர்களுக்கு அழகான துப்பாக்கியும் வேண்டாம், விலை உயர்ந்த துப்பாக்கியும் வேண்டாம், அழுத்தும்போதெல்லாம் வெடிக்கிற துப்பாக்கி இருந்தால் போதும். அது மட்டும்தான் கிடைப்பதில்லை.

குளித்துவிட்டு வரும் நோயாளி

டாக்டர் சிவநேசன் பல் வைத்தியர். யாழ்ப்பாணத்துக்காரர், ஹில்ஸ்பரோவில் வீடு. வெளிநாட்டில் நடக்கப்போகும் பெரிய போட்டிக்கு நியூசிலாந்து அணியின் மூத்தோர் பிரிவில் ஓர் இடம் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. குறி நன்றாகப் பார்ப்பார். கால்தான் கொஞ்சம் மெதுவு. ஆனால் ஒவ்வொரு போட்டியிலும் அவருடைய பிஸ்டல் எங்காவது ஓரிடத்தில் இறுகிக்கொள்ளும். மறுநாள் அதைக் கொண்டுவருவார். பெட்டியைத் திறந்தால் கண்ணாடி மாதிரி பளபளக்கும். புகைக்கரி இல்லை, தூசி இல்லை, எண்ணெய்ப் பிசுக்குகூட இல்லை. எதனால் இறுகியது என்று காட்டிக்கொடுக்க வேண்டிய அத்தனை தடயத்தையும் பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவியிருப்பார்.

"துடைக்காமக் கொண்டு வாங்க டாக்டர், கெஞ்சிக் கேட்டுக்கறேனுங்க" என்றேன். அழுக்குச் சாமானை இன்னொருவர் கையில் கொடுப்பது மரியாதையில்லை என்றார். உங்களிடம் வருகிற பேஷண்ட்டும் இப்படிச் செய்தால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "வருசம் முழுக்கத் தீட்டாத பல்லை என்னட்டை வாற அண்டைக்கு மட்டும் தீட்டிப்போட்டு வருவினம் தம்பி. எனக்குத் தெரியாதே?"

வெண்ணெய் மாதிரி வேண்டும்

செந்தில் மவுண்ட் ஆல்பர்ட்டில் இருக்கிறார். கம்ப்யூட்டர் வேலை. ரயிலில் நகரத்துக்குப் போகும்போதும் திரும்பும்போதும் யூடியூபில் துப்பாக்கி வீடியோ பார்ப்பவர். ஒரு வீடியோவில் சொன்னார்கள் என்று, இருப்பதிலேயே மெல்லிய ஸ்பிரிங்கை வரவழைத்துத் தானே மாட்டிக்கொண்டார். விரல் பட்டாலே போதும், ட்ரிகர் வெண்ணெய் மாதிரி இறங்கியது. என்ன, தோட்டாவின் பின்பக்கத்தை அடிக்கிற ஊசிக்கும் தெம்பு போய்விட்டது. அடுத்த போட்டியில் வெடிச் சத்தத்துக்குப் பதிலாக 'டிக்' 'டிக்' என்றுதான் கேட்டிருக்கிறது. நடுவர் கடிகாரத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தாராம்.

கம்பெனி கொடுத்த பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டி, கடைக்கு வேண்டியவர்களின் ரேஞ்சில், அதாவது சுடும் மைதானத்தில், நானே சுட்டுப் பார்த்து, ஒன்றுகூடத் தவறவில்லை என்று தெரிந்த பிறகு கொடுத்தேன். அடுத்த வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நின்றார்: "எல்லாத் தோட்டாவும் வெடிக்குதுண்ணா, அதெல்லாம் ஓகே. ஆனா ட்ரிகர் முன்னாடி மாதிரி சாஃப்ட்டா இல்லையே?"

வீட்டுத் தயாரிப்பு

கடைத் தோட்டா விலை கட்டுப்படியாகாது என்று வீட்டு கராஜிலேயே தோட்டா செய்துகொள்பவர்கள் உண்டு. அது தவறில்லை, ஒழுங்காகச் செய்தால். மலேசியாவிலிருந்து வந்த முருகையா, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், துப்பாக்கி சரியில்லை என்று சண்டைக்கே வந்துவிட்டார். அவருடைய பிஸ்டலில் குறை எதுவும் தெரியவில்லை. அவர் செய்த தோட்டாக்களை ஒரு கை அள்ளிக்கொண்டேன். என்னிடம் ஓர் இரும்புக் கட்டை இருக்கிறது. சரியான அளவுக்குத் துளை போட்டது. தோட்டா அதில் முழுசாக இறங்கினால் பாஸ். முருகையாவின் தோட்டாக்களில் பாதி, இடுப்பு பருத்துக் கழுத்தளவில் நின்றன.

கட்டையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: "தோட்டாவுல ஒன்னும் குறை இல்ல லா. ஒங்க கட்டைதான் சின்னதா இருக்கு."

நான் நின்றால் ஓடும்

சிவநேசன் கதைக்கு வருகிறேன். குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொறுக்க முடியாமல் நானே அவரோடு ரேஞ்சுக்குப் போனேன். காலையில் வெயில், பத்து நிமிஷத்தில் மழை, மறுபடி வெயில். ரெயின்கோட்டைப் போட்டுக் கழற்றியே எனக்குக் கை வலித்தது. அவர் பின்னாலேயே கழுகு மாதிரி நின்றேன். நாள் முழுக்க ஒரு தோட்டா மாட்டவில்லை. எனக்கு அழுகை வராத குறை.

ஆனால் வேறொன்றைப் பார்த்தேன். இந்தப் போட்டியில் மேகசின் காலியானதும், அதாவது தோட்டா அடுக்கிவைக்கும் நீள டப்பா காலியானதும், அதை அப்படியே தரையில் விழவிட்டு, இடுப்பிலிருந்து அடுத்ததைச் செருகிக்கொண்டு ஓட வேண்டும். சிவநேசன் அப்படிச் சேற்றில் விழுந்த மேகசின்களைப் பொறுக்கி, பேண்ட்டில் ஒரு தடவு தடவிப் பைக்குள் போட்டார். துப்பாக்கியைக் குளிப்பாட்டுகிறவர், இவற்றை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. என்னிடம் கொண்டுவந்ததும் இல்லை. வெறும் டப்பாதானே என்று நினைத்திருக்கிறார். ஒன்றைப் பிரித்தேன். தோட்டாக்களை மேலே தள்ளுகிற சின்னத் தட்டைச் சுற்றிலும் மண். பல மாத வியாதி ஒரு நிமிஷத்தில் பிடிபட்டது. துப்பாக்கி மாட்டினால் பத்துக்கு ஒன்பது தடவை குற்றவாளி மேகசின்தான் என்று சொன்னேன். அணிக்கு ஆள் எடுக்கும் கடைசித் தேர்வுப் போட்டிக்கு முன்னால் துப்பாக்கியோடு எல்லா மேகசினையும் என்னிடம் விட்டுவிடச் சொன்னேன். சுத்தம் செய்து, ஸ்பிரிங் மாற்றி, சுட்டுப் பார்த்துத் தருவதாக வாக்குக் கொடுத்தேன். தலையாட்டியவர், காரில் ஏறும்போது ஜன்னலை இறக்கிச் சொன்னார்: "எண்டாலும் நீங்கள் நிண்டாத்தான் அது ஒழுங்கா வேலை செய்யுது தம்பி. உங்களையும் அணியில சேர்க்கச் சொல்லிக் கேக்கட்டோ?"

பொரியும் சுண்டலும்

எங்கள் முதலாளி கிரஹாம் வெள்ளைக்காரர், தங்கமான மனிதர். கல்லாவும் வேட்டைக் கோட்டும் பைனாகுலரும் அவர் பொறுப்பு. துப்பாக்கிக்குள் என்ன இருக்கிறது என்பது என் பொறுப்பு. வருஷா வருஷம் நான் ஒர்க்‌ஷாப்பில் ஆயுத பூஜை போடுவேன். லேத், வைஸ், அரம், ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி, சுண்டல் படைப்பேன். கிரஹாமுக்குச் சுண்டல் என்றால் உயிர். இது எதற்கு என்று முதல் வருஷம் கேட்டார். "சாமான்களுக்கு மரியாதை செய்தால் அவை நம்மைக் கைவிடாது" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிவைத்தேன். மனிதர் அதை வாரண்டி கார்டு மாதிரி மனதில் வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு அப்போது தெரியாது.

இந்த வருஷம் பூஜை, கடைசித் தேர்வுப் போட்டிக்கு முந்தின வெள்ளிக்கிழமை வந்தது. சிவநேசனின் பிஸ்டலையும் மேகசின்களையும் அன்று மதியமே சோதித்து முடித்துவிட்டேன். ஒரு குறை இல்லை. எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி, கடையின் இரும்புப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, என் சாமான்களுக்குப் பூஜை போட்டேன். கஸ்டமர் சாமானுக்கு நான் பொட்டு வைப்பதில்லை. பையனை எப்சம் பக்கம் டியூஷனிலிருந்து கூட்டிவர வேண்டியிருந்ததால் அவசரமாகக் கிளம்பினேன். கிரஹாம் சுண்டலை மென்றுகொண்டே கேட்டதைத் தமிழில் சொல்கிறேன்: "உங்க சாமி நம்ம லேத்தை மட்டும்தான் பார்த்துக்குமா, டாக்டரோட சாமானைப் பார்க்காதா?"

கடைசிச் சுற்று

சனிக்கிழமை சிவநேசன் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். ஞாயிறு நானும் போனேன். அவரே போனில் கூப்பிட்டிருந்தார், நான் நின்றால் ஓடும் என்கிற நம்பிக்கையில். ஓடவும் ஓடியது. சுற்றுக்குச் சுற்று, தட்டுத் தடங்கல் இல்லாமல். கடைசிச் சுற்றுக்கு வரும்போது அணியில் ஓர் இடம் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பாதி தூரம் ஓடி, காலி மேகசினைக் கீழே விட்டு, அன்று அதுவரை எடுக்காத ஒன்றைச் செருகினார். இரண்டு தோட்டா வெடித்தது. அடுத்தது 'டிக்'. மேகசின் அடியில் ஓங்கித் தட்டி, துப்பாக்கியின் மேல்பாகத்தை இழுத்துவிட்டார். மறுபடியும் 'டிக்'. அந்த மேகசினையே உதறிவிட்டு அடுத்ததை எடுப்பதற்குள், கடிகாரம் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது.

ஒரே ஓர் இடம் பின்தங்கி அணிக்கு வெளியே நின்றார். நான் பார்வையாளர்களுக்குக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். என் கையால் சோதித்த மேகசின் அது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கோபித்துத் திட்டியிருந்தால் தேவலை. துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாதாரணமாகத்தான் சொன்னார்: "அடுத்தமுறை பாப்பம் எண்டு சொல்ல இப்ப வாய் வருதில்லைத் தம்பி. வயசு போட்டுது."

தடயம்

திங்கட்கிழமை அவர் வந்தபோது கடையில் வேறு கஸ்டமர் யாரும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் பையை மேஜைமேல் வைத்தார். உள்ளே அந்த மேகசின், ரேஞ்சுச் சேறு அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது. "நீங்கள் சொன்ன மாதிரியே துடைக்காமல் கொண்டு வந்திருக்கிறன், பாருங்கோ" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக.

அடிப்பக்கத்தைக் கழற்றி ஸ்பிரிங்கை வெளியே எடுத்தேன். தட்டு வரவில்லை. குச்சியால் குத்தித் தள்ளினேன். உட்சுவரில் கெட்டியாகக் காய்ந்த மஞ்சள் பொருக்கு. அதன் நடுவில் சிவப்பு. தட்டு அதில் சிக்கித்தான் பாதி வழியில் நின்றிருக்கிறது. சிவநேசன் அதை விரலால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு எனக்குப் பின்னால் இருந்த லேத்தைப் பார்த்தார். அதன் நெற்றியிலும் அதே சந்தனம், அதே குங்குமம். நான் வைக்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

சத்தம் கேட்டு முன்பக்கத்திலிருந்து கிரஹாம் வந்தார். மேகசினைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. நான் மறந்துவிட்டுப் போய்விட்டேன் என்று நினைத்து, மீதியிருந்த சந்தனத்தில் இந்த ஒரு மேகசினுக்கு அவரே பொட்டு வைத்தாராம். வெளியே வைத்தால் அழிந்துவிடும் என்று, தட்டைப் பென்சிலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உள்ளே வைத்தாராம். "வேலை செய்ததா?" என்று வேறு ஆசையாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சிவநேசன் அவரிடம் "ரொம்ப நன்றி" என்று இங்கிலீஷில் சொல்லி, கை குலுக்கி அனுப்பிவைத்தார். அவர் போகும்வரை பொறுத்திருந்து, என்னிடம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் வந்தது: "நல்லதுக்கெண்டு வைச்ச மனுசனை என்னெண்டு ஏசுறது? ஆனாத் தம்பி, இனி என்ரை மகசினை மட்டும் சாமியிட்டை விடாதேங்கோ."

துடைக்காமல் கொண்டு வாருங்கள் என்று ஊரெல்லாம் கெஞ்சிக்கொண்டிருக்கிற எனக்கு, இந்த மனிதர் அன்று ஒரு நாள் மட்டும் துடைத்துக் கொண்டு வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.