தேவகோட்டை ரோட்டில் பவுடர் பூசிய என்ஜின்

பொங்கலன்று காலையில் புதுச்சட்டைக்குள் ஒரு கையை நுழைத்திருந்தேன். மறு கையை நுழைப்பதற்குள் வாசலில், "சூசைண்ணே! சூசைண்ணே!" என்று ஒரே கூப்பாடு. எட்டிப் பார்த்தால் கருப்பையா. வேட்டியெல்லாம் மண், முழங்கையில் சிராய்ப்பு. பக்கத்தில் அவனுடைய பழைய 350 சிசி வண்டி. பின் டயர் எண்ணெயில் குளித்திருந்தது.

"திரும்பவும் ஒழுகுதுண்ணே. வளைவுல டயரு அப்படியே வழுக்கிக்கிட்டுப் போயி கீழ போட்ருச்சு."

புதுச்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பனியனோடு இறங்கினேன். காரைக்குடியில் என் வீடு பின்னால், பட்டறை முன்னால். லீவு நாள் என்று சொல்லித் தப்பிக்கிற தூரம் கிடையாது.

இன்றைக்குப் பட்டறையில் இருக்கிற தம்பிகளுக்குக் கருப்பையாவின் வேலையைச் சொல்லிவிட வேண்டும். தொண்ணூறுகளில் ஒரே பிரிண்டை வைத்து இரண்டு தியேட்டரில் படம் ஓட்டுவார்கள். காரைக்குடியில் முதல் ரீல்கள் ஓடி முடிந்ததும் தகரப் பெட்டியில் போட்டு தேவகோட்டைக்கு அனுப்ப வேண்டும். அங்கே படம் ஆரம்பித்த பிறகு அடுத்த பெட்டி. பெட்டி பிந்தினால் திரை இருட்டாகும், நாற்காலி உடையும். இந்தப் பெட்டிகளைச் சுமந்து பறக்கிறவன்தான் கருப்பையா. அன்றைக்குப் பொங்கல் ரிலீஸ் வேறு. இரண்டு ஊரிலும் விடிவதற்கு முன்பே கூட்டம் நின்றது.

"இன்னைக்குப் பொட்டி நின்னுச்சுன்னா மேனேஜர் வேற ஆளப் போட்ருவாருண்ணே. புது வண்டி வச்சிருக்கவன் ஒருத்தன் வாசல்லயே நிக்கிறான்."

வேலை போகும் என்பது அவன் கவலை. டயரில் எண்ணெயோடு அந்த வேகத்தில் போனால் ஆளே போய்விடுவான் என்பது என் கவலை.

இந்த லீக் கார்த்திகைக் கடைசியில் ஆரம்பித்தது. முதலில் என்ஜின் பக்கவாட்டு மூடியான டேப்பட் கவரில் கசிந்தது. எண்ணெய் கசியாமல் மூடிக்கு அடியில் வைக்கிற பேக்கிங்கைப் புதிதாக வைத்தேன், நின்றது. அடுத்து டைமிங் கவரில் கிளம்பியது. அங்கும் பேக்கிங் மாற்றினேன். கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டு இதோ மறுபடியும். "சூசை கை வச்சாலே எண்ணெ ஒழுகும்" என்று எதிர்ப் பட்டறையில் கிண்டல் செய்வதாக என் காதுக்கு வந்திருந்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இன்றைக்கு இதைப் பிடிக்காமல் பொங்கல் சாப்பிடுவதில்லை என்று சொல்லிவிட்டேன். என் மனைவி உள்ளேயிருந்து, "சாப்பிட வேண்டாம், விடுங்க" என்றாள்.

என்ஜினை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினோம். துணியால் ஈரம் போகத் துடைத்தோம். பிறகு அவளுடைய முகப்பவுடர் டப்பாவை எடுத்து வந்து என்ஜின் முழுக்கத் தூவினேன். உள்ளேயிருந்து பெரிய சத்தம் வந்தது. நான் காதில் வாங்கவில்லை. சின்ன லீக்கைப் பிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. எண்ணெய் எங்கே எட்டிப் பார்த்தாலும் வெள்ளையில் கறுப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்டாண்டில் போட்டு ஸ்டார்ட் செய்தோம். தடதடவென்று ஓடியது. குனிந்து பார்த்தேன், படுத்துப் பார்த்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. நின்ற இடத்தில் அந்த வண்டி பரம சாது.

"ஒழுகலயேண்ணே!" என்றான் கருப்பையா.

"உனக்கு மட்டும்தான் ஒழுகும் போல."

அதற்குள் தியேட்டர் மேனேஜர் மொபெட்டில் வந்து சேர்ந்துவிட்டார். காலுக்கு நடுவில் பெட்டி. "யோவ் சூசை, இங்குட்டு என்னய்யா வண்டிக்கு மேக்கப் போட்டுக்கிட்டு இருக்க? மொத ரீலெல்லாம் முடிஞ்சு போச்சு. அங்க ஜனம் கேட்டுமேல ஏறி நிக்குது. பொட்டி போகுமா, போகாதா? ஒத்த வார்த்தை சொல்லு."

கருப்பையா என் முகத்தைப் பார்த்தான். டயரைப் பெட்ரோல் துணியால் அழுத்தித் துடைத்தேன். "போகும் சார், நானும் கூடப் போறேன்" என்றேன். ஓடினால்தான் ஒழுகும் என்றால், ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். பெட்டியைப் பின் கேரியரில் கட்டி, பவுடர் டப்பாவையும் கட்டிங் பிளேயரையும் ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியையும் எடுத்துக்கொண்டு ஏறினேன்.

"நீ முன்னால பாத்து ஓட்டு. நான் கீழ பாக்குறேன். கறுப்பு தெரிஞ்சா தோளத் தட்டுவேன், உடனே நிறுத்தணும்."

கருப்பையாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, வலது பக்கம் தலையைத் தொங்கவிட்டு, என்ஜினையே பார்த்துக்கொண்டு போனேன். அமராவதிபுதூர் என் மாமனார் ஊர். வாசலில் பொங்கல் பானையைச் சுற்றி நின்றவர்கள், வெள்ளை என்ஜினும் தலைகீழ் மாப்பிள்ளையுமாகப் போவதைப் பார்த்தார்கள். "பொங்கலுக்கு வண்டிக்கும் வெள்ளையடிச்சிட்டாக டோய்!" என்று யாரோ கத்தினார்கள். மாமனார் அதில் இருந்தாரா என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை.

நேர் ரோட்டில் கருப்பையா முறுக்கினான். அப்போது வந்தது பாருங்கள்! டேப்பட் கவர் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டைமிங் கவரின் அடியில் இன்னொன்று. நிமிர்ந்து மேலே பார்த்தால் என்ஜின் உச்சியில் இருக்கிற ராக்கர் கவரிலும் ஈரம். மூன்று இடத்தில், ஒரே நேரத்தில்! என் மண்டைக்குள் பல்பு எரிந்தது. மூன்று பேக்கிங் பேசிவைத்துக்கொண்டு ஒன்றாகக் கெட்டுப்போகாது. உள்ளே ஏதோ அழுத்துகிறது. வெளியே போக வழி கிடைக்காத காற்று எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வருகிறது.

அவன் தோளில் ஒரு போடு போட்டேன். தட்டச் சொன்னால் அடித்துவிட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

"என்ஜின ஆஃப் பண்ணாத!" என்று கத்திக்கொண்டே இறங்கி, துணியால் பிடித்து ஆயில் மூடியைத் திருகினேன். 'புஸ்ஸ்' என்று சீறி, சுடச்சுட எண்ணெய்ப் புகை முகத்தில் அடித்தது. எரிந்தது. சிரித்தேன். கருப்பையா எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாக நினைத்திருப்பான்.

"பிரீதர் பைப்புடா! என்ஜின் மூச்சு விடுற பைப்பு. அதுதான் அடச்சுக்கிட்டு நிக்குது."

என்ஜினிலிருந்து பின்பக்கம் போய்த் தொங்குகிற விரல் தடிமன் ரப்பர் குழாய் அது. வண்டியை நிறுத்தி, குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதினேன். கன்னம் உப்பியதுதான் மிச்சம். போக்ஸ் கம்பியின் முனையைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டுச் சுரண்டி இழுத்தேன். எண்ணெயில் ஊறிய ஒரு துணிச்சுருள் வந்தது. பிரித்தால் மஞ்சள் துணி. அதற்குள் குழைந்துபோன திருநீறு.

கருப்பையா அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். "காளையார்கோவில் திருநீறுண்ணே. எங்க ஆத்தா கொண்டாந்து ஹேண்டில்ல கட்டுச்சு. எல்லாரும் கேலி பண்ணுறாங்கன்னு நான் அவுத்து வீட்டுல வச்சிட்டேன்."

"எப்ப?"

"கார்த்திகையில."

குழாயைத் துடைத்து மாட்டி ஸ்டார்ட் செய்தோம். அதன் முனையில் கையை வைத்தேன். பொஃப், பொஃப் என்று இளஞ்சூடாகக் காற்று வந்தது. அந்தக் காற்றுக்காக நான் ஒரு மாதம் பாடுபட்டிருக்கிறேன். எண்ணெய்ப்பட்ட இடங்களைத் துடைத்து மறுபடி பவுடர் தூவி, டயரில் மண்ணைத் தேய்த்து, ஏறினோம். அவன் முறுக்கினான், நான் தொங்கினேன். கறுப்பு வரவேயில்லை. தேவகோட்டை தியேட்டர் வாசலில் கூட்டம் பெட்டியைப் பார்த்து விசிலடித்தபோது, என்ஜின் கல்யாணப் பெண் முகம் மாதிரி வெள்ளையாக இருந்தது. விசில் எனக்குத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். அன்று அத்தனை பெட்டியும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையில் கருப்பையாவின் அம்மா காளியம்மா பட்டறைக்கு வந்தார். கையில் கரும்பு, முகம் அழுது வீங்கியிருந்தது. கருப்பையா பின்னால் விறைப்பாக நின்றான். வீட்டில் சத்தம் போட்டிருக்கிறான் என்று பார்த்ததும் தெரிந்தது.

"தம்பி, என் புள்ளையக் கொல்லப் பாத்தேங்கிறான். நெசமாவா? கயித்துல கட்டுனா அவுத்துருவான்னுதான் கண்ணுக்குப் படாம வச்சேன். அந்தக் கொழா வேலையத்துத் தொங்குதுன்னு நெனச்சேன்."

"வேலையத்தது இல்ல ஆத்தா. நம்ம மூக்க அடச்சா நாம என்ன ஆவோம்? அதுமாதிரிதான்."

குழாயைக் காட்டினேன். குனிந்து, அதைத் தொடாமல் பார்த்தார். இனி அதன் பக்கமே போவதில்லை என்றார். பிறகு நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"எண்ணெ ஒழுகுறத இம்புட்டு நுணுக்கமாப் பாக்குறீகளே தம்பி. இவன் பொட்டிய ஏத்திக்கிட்டு அங்குட்டுப் போனான்னா, திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு ஒரு வாய் சோறு எறங்காது. அது யாருக்காச்சும் தெரிஞ்சுச்சா?"

கருப்பையா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். நான் ஹெட்லைட்டைக் கழற்றினேன். அம்மா முந்தானையில் முடிந்திருந்த திருநீற்றைத் துளி எடுத்து ஒரு காகிதத்தில் மடித்துத் தந்தார். வயருக்கு இடைஞ்சல் இல்லாத மூலையில் அதை வைத்து மூடினேன். இந்தத் தடவை கடைசி ஸ்க்ரூவைக் கருப்பையாவே முறுக்கினான்.

லீக் வந்தால் எண்ணெய் எங்கே வெளியே வருகிறது என்று மட்டும் பார்க்காதீர்கள், உள்ளே எது போக வழியில்லாமல் தவிக்கிறது என்று பாருங்கள். இது தொழில் பாடம். இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். எந்த வண்டி வந்தாலும், ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால், வீட்டில் இந்த வண்டியைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள் என்று கேட்டுவிடுவேன். பாதிக் கோளாறு அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

அடுத்த படத்துக்கு தேவகோட்டைக் காட்சியைக் கொஞ்சம் தள்ளி ஆரம்பித்தார்கள். பெட்டி நிதானமாக வரட்டும் என்று மேனேஜரிடம் போய்ச் சண்டை போட்டு வாங்கியவன் கருப்பையாதான்.