காக்கா ஆழி வாரப் போன ஞாயிறு

போன ஞாயிறு காலையில் தேசிங்கு போன் செய்தார். எண்ணூர் ஆற்றில் இறால் பிடிப்பவர். நல்ல இறால் கிடைத்தால் எனக்குச் சொல்வார். இந்தத் தடவை கேட்டது வேறு.

"ஆத்துக்கு வர்றியா சார்? சும்மா படகுல குந்திகினு இருந்தா போதும்."

திருவொற்றியூர் ஃப்ளாட்டில் ஞாயிறு என்றால் நானும் டி.வி.யும்தான். கிளம்பிவிட்டேன்.

போன பிறகுதான் விஷயம் புரிந்தது. காக்கா ஆழி... விரல் நுனி அளவுக் கறுப்புச் சிப்பி. தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து கப்பலோடு வந்ததாம். ஆற்றின் அடியில் கம்பளம் விரித்தாற்போல் படர்ந்துவிட்டது. இறால் புதைந்துகொள்ளச் சேறு இல்லை. வலை கிழிகிறது. கால் வைத்தால் அறுக்கிறது.

ஆரம்பத்தில் குப்பமே திரண்டு வாரியதாம். வார வார மறுபடியும் வந்தது. ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போனார்கள். கடைசியாகப் போனவர் ஏழுமலை — தேசிங்குவின் மனைவியின் தம்பி. இத்தனை வருடமும் வலையின் மறுமுனையைப் பிடித்தவர். இப்போது மணலி பக்கம் ஒரு குடோனில் செக்யூரிட்டி.

அரசாங்கம் மெஷின் வைத்து எடுக்கப்போவதாகப் பேச்சு இருக்கிறது. அதுவரை சும்மா இருப்பதா? தேசிங்குவால் முடியவில்லை. மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, மண்வெட்டியால் சுரண்டி, அன்னக்கூடையில் அள்ளித் தந்தார். வாங்கிப் படகில் கொட்டினேன். கரைக்குக் கொண்டுபோய்த்தான் போட வேண்டுமாம்; தண்ணீரிலேயே விட்டால் வேறு இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அத்தனை பெரிய ஆற்றில் எங்கள் படகு மட்டும்தான்.

திடீரென்று மூழ்கியவர் எழவே இல்லை. பயந்துவிட்டேன். எழுந்தபோது கையில் ஓர் இறால் — துள்ளிக்கொண்டு! கூடையில் போடுவார் என்று பார்த்தால், தண்ணீரிலேயே விட்டுவிட்டார்.

படகில் ஏறினார். கையைத் துடைத்துக்கொண்டு ஏழுமலைக்கு போன் போட்டார்.

"மச்சான், நாம வாரின எடத்துல சேறு தெரியுதுடா. எறா கீது."

ஸ்பீக்கரில் பதில் எனக்கும் கேட்டது.

"சந்தோசம் மாமா. டூட்டில கீறேன். அப்பறமா பேசறேன்."

கட்.

தேசிங்கு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வா என்று சொல்லத்தான் போட்டாரோ என்னவோ — சொல்லவில்லை.

கரைக்கு வரும்போது, அடுத்த ஞாயிறும் வர முடியுமா என்று கேட்டார். வருகிறேன் என்றேன். எனக்கு வலை பிடிக்கத் தெரியாது, நீச்சலும் சுமார்தான். அது அவருக்கும் தெரியும்.

துணைக்கு ஆள் தேடும்போது, வேலை தெரிந்த ஆளா என்று யார் பார்க்கிறார்கள்?