தூக்கிப் போட்ட இரட்டைகள்

ஆய்வுக்கூடத்தில் அந்த அம்மாளுக்குச் ‘சல்லடை’ என்று பட்டப்பெயர். அது அவர் காதுக்கும் எட்டியதுதான், கோபித்துக்கொண்டதில்லை. கணக்கு ஒரு புள்ளி பிசகினாலும் மூன்று வார உழைப்பைக் குப்பையில் போடச் சொல்வார். “அதுக்கென்ன இப்ப? மறுபடி பண்ணு” என்பார். அப்படியொரு பிடிவாதம்!

தொழில் இதுதான். நோயாளியின் இரத்தத்தில் நோயை எதிர்க்கும் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, எந்தச் செல் என்ன வேலையில் இறங்கியிருக்கிறது என்று அதன் மரபணுக்களைப் பார்த்துச் சொல்வது. இயந்திரம் செல் ஒன்றுக்குத் துளி ஒன்று என்று அடைத்துத் தரும். சில துளிகளில் இரண்டு விழுந்துவிடும். அந்த ‘இரட்டை’களைப் பிழை என்று கழித்துவிடுவது வழக்கம். கழிப்பதற்குக் கறாரான விதி எழுதியவரே நம் சல்லடைதான். பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் அதைத்தான் பின்பற்றின.

அப்போதுதான் அவர் தம்பி படுத்தான். பேருந்து ஓட்டுநர், வாய் ஓயாதவன். விடாத காய்ச்சல், கல்லீரல் வீக்கம். மருத்துவர் கையைப் பிசைந்தார். கிருமி என்றால் ஒரு மருந்து. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தின்கிறது என்றால், அதை அடக்கும் வேறு மருந்து. மாற்றிக் கொடுத்தால் ஆளே போய்விடுவான்.

தம்பியின் இரத்தத்தை அக்கா வேறு யாரையும் தொட விடவில்லை.

“உள்ள என்ன ஓடுதுன்னு பாத்து சொல்லுக்கா. டீசலா இருந்தா பயந்துடாத” என்றான் தம்பி.

நான்காம் நாள் முடிவு வந்தது. இரட்டைகளைக் கழித்தபின் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. “உடம்பு தன்னைத்தானே தாக்கல டாக்டர். கிருமியாத்தான் இருக்கணும்” என்றார். கிருமிக்கான மருந்தையே ஏற்றினார்கள். அதிலிருந்து பதினோராம் நாள் தம்பி போய்விட்டான்.

மூன்று மாதம் கழித்து, மனசு கேட்காமல், கணினியில் தூக்கிப் போட்டிருந்த பதிவுகளைத் திறந்து பார்த்தார். குவியலாக இரட்டைகள். தற்செயலாக விழுந்தவை என்றால் கலந்துகட்டி இருக்க வேண்டும். இவையோ பெரும்பாலும் ஒரே ஜோடி: ஒரு கொல்லும் செல், தம்பியின் சொந்தக் காவல் செல் ஒன்று, பிரிக்க முடியாதபடி கட்டிப் புரண்டு கிடந்தன. அது இயந்திரத்தின் பிழை இல்லை, உடம்பு தன்னையே தாக்கும் அந்த நோயே அதுதான். அடக் கடவுளே! பதிலைக் கையில் வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்லியிருக்கிறார். அன்று நாற்காலியிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பழைய நோயாளிகள் நான்கு பேரின் குப்பையிலும் அதே ஜோடி அகப்பட்டது. எழுதி வெளியிட்டாக வேண்டும். தம்பியின் இரத்தத்தைப் பற்றி எழுத அவன் மனைவியின் கையெழுத்து வேண்டும். அவளோ நாத்தனார் நீட்டினால் வெற்றுக் காகிதத்திலும் போடுவாள். “ஆராய்ச்சிக்கும்மா” என்று ஒரு வார்த்தை போதும். உண்மையைச் சொன்னால் அந்த வீடு போய்விடும். தனி ஆளான அவருக்கு உறவென்று இருந்ததே அந்த ஒரு வீடுதான். படி ஏறும்வரை அவர் மனசு ஒரு நிலையில் இல்லை.

தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். படிவத்தைப் படிக்காமலே பேனாவை வாங்கினாள். “எங்க போடணும் அண்ணி?”

“இரும்மா. முதல்ல நான் சொல்றதக் கேளு.”

சொன்னார். எதையும் மென்று விழுங்கவில்லை.

“அப்ப அந்த இன்னொரு மருந்து குடுத்திருந்தா?”

“பொழைச்சிருக்கலாம். கண்டிப்பான்னு சொல்ல முடியாது. வாய்ப்பு இருந்துச்சு.”

“அவர் உயிரோட இருந்தப்ப எத்தனை நாள் அது உங்க கையில இருந்துச்சு?”

“பதினோரு நாள்.”

அவள் மடித்த துணியை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசிவரை படித்துக் கையெழுத்துப் போட்டாள்.

“இன்னொருத்தி இப்படி உக்காந்திருக்கக் கூடாது. அதுக்குத்தான் போட்டேன். நீங்க இனிமே இங்க வராதீங்க அண்ணி. உங்க முகத்தப் பாத்தா அந்தப் பதினோரு நாளையும் எண்ண ஆரம்பிச்சுடுவேன்.”

“சரிம்மா” என்று எழுந்து வந்தார்.

அந்தக் கட்டுரைக்குப் பிறகு இரட்டைகளை யாரும் பார்க்காமல் கழிப்பதில்லை. அதனால் பிழைத்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். சிலர் கடிதம் எழுதுகிறார்கள். இரத்தம் கொடுத்தவரின் குடும்பத்துக்கும் எங்கள் நன்றியைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். சொல்கிறேன் என்று பதில் எழுத இன்றுவரை அவருக்குக் கை வரவில்லை.