மோதிரக் கல்லுக்கு ஓர் அல்கொரிதம்

எங்கள் பட்டறைக்கு இரண்டு மென்பொருள்கள் பரீட்சைக்கு வந்திருந்தன. வைரக் கல்லை ஒளியால் துழாவி அதன் உருவத்தைக் கணினிக்குள் இறக்கியதும், எங்கே வெட்டலாம், எவ்வளவை இழக்கலாம் என்று திட்டம் போடுகிறவை. செய்வது ஒரே வேலை. உள்ளே ஓடும் அல்கொரிதம்களுக்கோ இரண்டு குணம். எதை வாங்குவது என்று அந்த வாரம் முடிவதற்குள் நான் சொல்ல வேண்டும். முதலாளி, இலண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெரு. என்னைவிட இளையவர், அதனால் தம்பி.

முதலாவது ஒழுங்கான பிள்ளை. கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒரு மூலை விடாமல் பார்க்கும். கேத்திலில் தேநீருக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் ஒரே ஒரு பதிலோடு வந்து நிற்கும். நாளைக்குக் கேட்டாலும் அதே பதில்தான்.

இரண்டாவதுக்கு இருப்புக்கொள்ளாது. குருட்டாம்போக்கில் எங்கேயோ தொடங்கும். குலுக்கும், புரட்டும். நல்ல இடம் கிடைத்த பிறகும் அதை விட்டுவிட்டு மோசமான இடம் ஒன்றை எட்டிப் பார்க்கப் போகும். குடையை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு இலண்டன் தெருவில் இறங்குகிறவர்கள் சிலர் இருக்கிறோமே, அந்தச் சாதி. மெல்ல மெல்லச் சூடு ஆறி ஓரிடத்தில் அமரும். அடுத்த தடவை வேறோரிடம். எனக்கு அதன்மேல் காதல், தம்பிக்குச் சந்தேகம்.

"அக்கா, ஒவ்வொருக்காலும் ஒவ்வொரு கதை சொல்லுற சாமானை நம்பி நான் என்னண்டு கல்லை வெட்டுறது?"

"கதை மாறினாலும் பொய் சொல்லேல்லையே தம்பி."

"உங்களுக்குக் கவிதை வேணும். எனக்கு விடை வேணும்."

அந்தப் பேச்சில் தோற்று, சரி, ஒழுங்கான பிள்ளையையே வாங்கட்டும் என்று நான் மனதை ஆற்றிக்கொண்டிருந்தபோதுதான் மோர்டனிலிருந்து ஓர் அக்கா கணவரோடு படியேறி வந்தார். கைப்பைக்குள் பை, அதற்குள் டிஷ்யூ, அதற்குள் மோதிரம். கலியாண வெள்ளிவிழாவுக்குக் கணவர் போட்டது. புதுக் கிச்சனின் கிரனைட்டில் அடிபட்டு, கல்லின் விளிம்பில் ஒரு சில்லுப் போய்விட்டது. சில்லுப் போன இடத்திலிருந்து மயிரிழை போல ஒரு கீறல் உள்ளே இறங்கியிருந்தது. அப்படியே விட்டால் அடுத்த அடியில் பிளக்கலாம். வெட்டினால் கல் சிறுக்கும்.

"வெட்டினால் பிறகு ஒட்ட ஏலாது, என்ன?" என்று கேட்டார் அக்கா.

"ஏலாது."

"அதுதான் ஒரு வருசமாக் கொண்டு திரியிறன்."

முதலாவதை ஓடவிட்டேன். வட்டக் கல்லை வட்டமாகவே வைத்து, சில்லையும் கீறலையும் மட்டும் சீவி, எடையை ஒரு கரட்டுக்கு மேலேயே நிறுத்தித் தந்தது. இதைவிடக் கூடிய எடை அந்தக் கல்லில் கிடையாது. பெருமையோடு திரையைத் திருப்பினேன்.

அக்கா பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். "நல்லாத்தான் இருக்கு. வேற என்ன இருக்கு?"

"இதுதான் அக்கா ஆகச் சிறந்தது."

"அதுக்கு, வேற காட்டமாட்டியளோ?"

கணவர் யன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "தங்கச்சி, ஒரு சீலை எடுக்க ஈஸ்ட்ஹாமில கடை கடையா ஏறி, கடைசியில வெம்பிளியில எடுத்த ஆள் இவ."

"நீங்கள் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ." அக்கா டிஷ்யூவை எடுத்து மோதிரத்தைத் திரும்பச் சுற்றத் தொடங்கினார். "யோசிச்சுச் சொல்லுறம்."

தம்பியின் முகம் வாடியது. எனக்கோ சட்டென்று விளங்கியது. எங்கள் சனத்தில் முதல் விரித்த சீலையை யார் எடுத்தது? கடைக்காரர் மேசை நிறைய விரித்து மலையாக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லித்தான் எங்களுக்கு வேண்டியது தெரியவரும். அப்படிப்பட்டவர்களுக்கு முன்னால் போய் ஒற்றை விடையை வைத்துவிட்டேனே!

"இருங்கோ அக்கா, இன்னும் இருக்கு" என்று இரண்டாவதை அவிழ்த்துவிட்டேன்.

அது தன் பாட்டில் அலைந்தது. ஒவ்வொரு தடவை ஆறும்போதும் ஒரு வடிவம். அதை உண்மை அளவில் அச்சடித்து, கத்தரிக்கோலால் வெட்டி, மேசையில் வைத்தேன். அக்கா கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். சுண்டுவிரலால் நான் கொடுத்த தேநீரைத் தொட்டு, கடதாசிக் கல்லை மோதிர விரலில் ஒட்டி, கையை நீட்டிப் பார்த்தார்.

நீர்த்துளி வடிவம். "கத்தரிக்காய்."

மூலை மழுங்கிய சதுரம். "இது டொஃபி. பேரப்பிள்ளை வாயில போட்டிடும்."

"எனக்கு எல்லாம் ஒண்டாத்தான் தெரியுது" என்றார் கணவர்.

"உங்களுக்கு நானும் என்ர தங்கச்சியும் கூட ஒண்டாத்தான் தெரிஞ்சது, பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு!"

தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மேசையில் கடதாசிக் கற்கள் குவிந்தன. பிறகு முட்டை வடிவம் ஒன்று வந்தது. அக்கா அதை ஒட்டினார். கையை நீட்டினார், மடக்கினார், கூந்தலை ஒதுக்குவது போல் தலைக்குக் கொண்டுபோனார். இதற்குப் பெயர் வைக்கவில்லை. அந்தக் கையசைவை நான் சீலைக் கடைகளில் பார்த்திருக்கிறேன்.

"விரல் நீளமாத் தெரியுது" என்றார் மெதுவாக.

சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. "அக்கா, இதில எடை நிறையக் குறைஞ்சிடும். ஒரு கரட்டுக்குக் கீழ வந்திடும். முதல் காட்டினது அப்பிடியில்லை."

கணவர் நிமிர்ந்தார். "ஊரெல்லாம் ஒரு கரட், ஒரு கரட் எண்டு சொல்லி வைச்சிருக்கிறீர்."

"நான் சொன்னது பழைய கல்லை."

"ஆரும் கேட்டால்?"

"கேக்கிறவை தராசோட வரட்டும்."

தம்பி என் பக்கம் குனிந்தார். "அக்கா, ரெண்டாவதையே எடுப்பம்."

"ஒவ்வொருக்காலும் ஒவ்வொரு கதை சொல்லுமே?"

"சொல்லட்டும். முதலாவதின்ர கதையைக் கேட்டிட்டு இவை மோதிரத்தைச் சுத்தினதைப் பார்த்தனியள்தானே."

அக்கா டிஷ்யூவை விரித்து மோதிரத்தைத் தட்டில் வைத்தார். விரலை மட்டும் எடுக்கவில்லை. "எப்ப வெட்டுவியள்?"

"செவ்வாய்க்கிழமை" என்றார் தம்பி.

"செவ்வாயோ!" விரலோடு மோதிரமும் பின்வாங்கியது.

கல்லின் ஒவ்வொரு கீறலையும் குறிக்க இரண்டு மென்பொருளிலும் இடம் உண்டு. செவ்வாய்க்கிழமையைக் குறிக்க எதிலும் இடமில்லை.

"அப்ப வியாழன்?" என்றேன்.

"வியாழன்... காலமை?"

"காலமைதான் அக்கா."

 கணவர் தன் கையை அக்காவின் தோளில் வைத்தார். அக்கா மோதிரத்தை மறுபடி தட்டில் வைத்தார். விரலை எடுக்காமலே அதை ஒருமுறை ஒளியில் திருப்பிப் பார்த்தார். பிறகு, சூடான சட்டியிலிருந்து எடுப்பதைப்போல, விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.