பழைய அம்பாசிடருக்கு ஒரு லேசான ஸ்டியரிங்

பழைய காருக்கு செகண்ட் ஹாண்ட் பவர் ஸ்டியரிங் மாட்டுகிற தொழிலில் பாதிப் பொழுது ஸ்பானர் பிடிப்பதில் போகும். மீதிப் பொழுது வண்டிக்காரர் காணும் கனவை உட்கார்ந்து கேட்பதில் போகும். வீட்டில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கும், அப்படி வைத்திருப்பவரைக் கட்டிக்கொண்டவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மைசூரில் எங்கள் பட்டறையில் நாங்கள் இரண்டு பேர்தான். ஸ்பானரும் வெல்டிங்கும் மாதேவுடையது. அவர் நஞ்சன்கூடு பக்கத்துக்காரர். கன்னடம் தாய்மொழி, தமிழ் என்னோடு சண்டை போட்டே கற்றுக்கொண்டது. வயரிங் என்னுடையது. கனவு கேட்கிற வேலையும் பெரும்பாலும் என் தலையில்தான் விழும். போன மழைக்காலத்தில் ஒரு க்ரீம் கலர் அம்பாசிடர் வந்தது. அதன் கதை இது.

மணிக்கட்டு

காரை யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டு வந்தார். சொந்தக்காரர்கள் பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அக்ரஹாரத்திலிருந்து வேதவல்லி மாமியும் அவர் வீட்டுக்காரர் சம்பத் மாமாவும். இரண்டு பேருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. பேச்சு முழுக்க மாமா. மாமி வண்டியைச் சுற்றி நடந்தபடி இருந்தார்.

கார் மாமாவுடையதாக இருக்கும் என்று நினைத்து அவரிடமே கேள்வி கேட்டேன். அவர் கையை விரித்தார். அவருக்கு ஓட்டவே தெரியாதாம். வண்டி மாமியினுடைய அப்பா வாங்கியது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மாமிதான் ஓட்டுகிறார். போன வருஷம் சமையலறை ஈரத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் திருப்புவது பெரும்பாடு. புனேயில் இருக்கிற மகன், தசரா லீவில் வரும்போது வண்டியை விற்றுவிடலாம், ஆள் பார்த்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறான்.

"பவர் ஸ்டியரிங்கோட புது வண்டியே கிடைக்குமே மாமி?" என்று கேட்டேன். கைக்கு வருகிற வியாபாரத்தை இப்படிக் கெடுத்துக்கொள்வது என் வழக்கம். மாமி நடையை நிறுத்தினார். இடது கை பானட் மேல் இருந்தது.

"ஓட்டிப் பார்த்தேன்மா. நன்னாத்தான் இருக்கு. ஆனா அதுக்கு நான் யாருன்னே தெரியலை."

யார் வீட்டு உதிரி

ஒரு சின்னக் காரில் இருக்கிற எலெக்ட்ரிக் ஸ்டியரிங் ராடு, அதன் மோட்டார், அதற்கு மூளையாக இருக்கிற ஒரு பெட்டி, மூன்றும் ஒரே வண்டியிலிருந்து கிடைத்தால்தான் எங்களுக்கு வேலை சுலபம். பழைய இரும்புக் கிடங்குகளில் அலைந்தேன். மழையில் நனைந்து, கண்ணாடி போன கார்கள் வரிசையாகப் படுத்திருக்கும். ஒன்றின் சீட்டில் புல் முளைத்திருந்தது. இன்னொன்றின் டேஷ்போர்டில் யாரோ ஒட்டிய பிள்ளையார் அப்படியே இருந்தார். அங்கே போனால் நேரம் போவது தெரியாது. எந்தக் கார் எந்த ஊருக்கெல்லாம் போயிருக்கும் என்று யோசித்தபடி நின்றுவிடுவேன்.

ஒருவழியாகச் சாமான் கிடைத்ததைச் சொல்லப் போன் செய்தேன். சம்பத் மாமா எடுத்தார். விலையைக் கேட்கவில்லை. அந்தச் சாமான் இருந்த கார் எப்படிப் போச்சு, உள்ளே யாராவது இருந்தார்களா என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது. இந்தக் கேள்வி உதிரி வியாபாரத்தில் எல்லோர் மனதிலும் இருக்கும். வாய்விட்டுக் கேட்பவர் குறைவு. நல்லவேளை, நானும் விசாரித்திருந்தேன். மழையில் ஒரு மரம் விழுந்து கூரை நசுங்கிய வண்டி, ஓரமாக நிறுத்தியிருந்தது, உள்ளே ஈ காக்கை இல்லை என்றேன். மாமா நிம்மதியாக மூச்சு விடுவது கேட்டது. அதோடு வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"பாவம், அது என்ன மரமோ?"

மேல்கோட்டைக்கு

பழைய ராடைக் கழற்றிவிட்டோம். சின்னக் காரின் ராடு நீளம் போதவில்லை. மாதேவு நடுவில் துண்டு சேர்த்துக்கொண்டிருந்தார். அன்று மத்தியானம் நல்ல மழை. மாமியும் மாமாவும் வேலையைப் பார்க்க வந்தவர்கள் வெளியே போக முடியாமல், உட்கார இடமும் இல்லாமல், தங்கள் காரிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். மாமா உடனே தூங்கிவிட்டார்.

தகரக் கூரையில் மழை ஒரே சீராகக் கொட்டியது. எனக்கே கண் சொருகியது. வயரைச் சுருட்டியபடி நிமிர்ந்தபோது மாமியைப் பார்த்தேன். ஸ்டியரிங் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டையும் நாலு வயரும்தான். மாமி அந்த வெறும் இடத்தில் இரண்டு கையையும் தூக்கி வைத்திருந்தார். கண் மூடியிருந்தது. கைகள் மெதுவாக வலப்பக்கம் போயின, நேராயின, கொஞ்சம் இடப்பக்கம். கால் கிளட்சை மிதித்தது. முறிந்த அந்த மணிக்கட்டு நோவில்லாமல் வளைந்து கொடுத்தது. மாதேவும் பார்த்துவிட்டார், கிரைண்டரை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். இப்படியே எவ்வளவு நேரம் போனதென்று எனக்குத் தெரியாது. மழை விட்டபோது மாமி கண்ணைத் திறந்து, நாங்கள் இருவரும் நிற்பதைப் பார்த்தார். வெட்கப்படவில்லை.

"மேல்கோட்டைப் பெருமாளைச் சேவிக்கப் போயிண்டிருக்கேன். பாண்டவபுரம் தாண்டியாச்சு. சித்த தீர்த்தம் குடேன்."

ரிங் ரோட்டில்

எல்லாம் மாட்டி, சாவியைத் திருப்பினோம். நின்ற இடத்தில் ஸ்டியரிங் சுண்டுவிரலுக்குச் சுற்றியது. மாதேவு சாமிக்குக் கற்பூரம் காட்டினார். சாயங்காலம் வண்டியை ரிங் ரோட்டுக்கு எடுத்துப் போனோம். வேகம் ஏறியதும் வண்டிக்குப் பிடிமானமே இல்லை. கனவில் ஓடுவோமே, கால் தரையில் படாமல், அந்த மாதிரி இருந்தது. லேசாகத் தொட்டால் வண்டி பக்கத்து லேனை எட்டிப் பார்த்தது. வேகம் கூடும்போது மோட்டார் தானாக உதவியைக் குறைக்க வேண்டும். இந்த வண்டியின் வேகம் என்னவென்று அந்தப் பெட்டிக்குச் சொல்ல நாங்கள் வழி செய்யவில்லை. அதனால் நிற்கும்போது செய்கிற உதவியையே ஓடும்போதும் செய்துகொண்டிருந்தது.

இதை இப்படியே கொடுக்க முடியாது என்று முடிவு செய்தேன். தசரா நெருங்கிவிட்டது, மாமி தினமும் போன் செய்தார். நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன், கொடுத்துவிடு என்றார். முடியாது மாமி என்றேன். அந்தப் பக்கம் அழுகிறாரோ என்று சந்தேகமாக இருந்தது. அன்று ரிங் ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கி இரண்டு காலையும் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு மாதேவு கேட்டதை நினைத்துத்தான் மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

"அக்கா, நாம ரோட்டு மேலதானே வந்தோம்?"

சர்க்கிள்

கியர் பெட்டியில் ஸ்பீடோமீட்டர் கேபிள் மாட்டுகிற இடத்தில் ஒரு சென்சாரைப் பொருத்தி, அதன் வயரை ஸ்டியரிங்கின் மூளைப் பெட்டிக்குக் கொண்டுபோனேன். சொல்வதற்கு ஒரு வரிதான். பொருந்துகிற சென்சாரைத் தேடி அலைந்த நாட்களை, உங்களில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்வீர்கள். அதன் பிறகு ரிங் ரோட்டில் வண்டி நிலத்தில் ஓடியது. மகன் ரயில் ஏறுவதற்கு முந்தின நாள் மாமிக்குப் போன் செய்தேன்.

மாமி ஓட்ட, மாமா பக்கத்தில், நான் பின் சீட்டில். முதல் திருப்பத்தில் மாமி தோளை இறுக்கினார். வண்டி சுலபமாகத் திரும்பியதும் தோள் இறங்கியது. தசரா விளக்கு அலங்காரத்துக்காகச் சாலையெங்கும் சர விளக்குகளைக் கட்டி, எரிகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். நாலு சாலை கூடுகிற ஒரு சர்க்கிளைச் சுற்றினார். வெளியே வரவில்லை, மறுபடி சுற்றினார். விளக்குகள் மஞ்சளாகக் கண்ணாடியில் வழிந்தன. எனக்குத் தலை லேசாகச் சுற்றியது, இறங்க மனமில்லை. நாலாவது சுற்றில் மாமா திரும்பாமலே சொன்னார்.

"சர்க்கிள் நடுவுல பெருமாள் இல்லை வேதா. போறும், ஆத்துக்குப் போலாம்."

மாமாவின் வேண்டுகோள்

மகனை அழைத்துவர மாமியே ஸ்டேஷனுக்குப் போனாராம். அவன் வீடு வந்து சேர்வதற்குள் விற்கிற பேச்சை விட்டுவிட்டானாம். இதைச் சொல்ல சம்பத் மாமா ஒருநாள் தனியாக பஸ்ஸில் வந்தார். சொல்லி முடித்த பிறகும் கிளம்பவில்லை.

அப்புறம் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். கை முறிந்த பிறகும் மாமி வண்டியை விடவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் மாமா பக்கத்திலிருந்து எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து மாமியோடு சேர்த்து இழுப்பாராம். கல்யாணமானதிலிருந்து அந்த வண்டியில் சும்மாவே உட்கார்ந்து வந்தவருக்கு அந்த ஒரு வருஷம்தான் ஒரு வேலை இருந்தது. இப்போது கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை என்றார். மோட்டார் செய்கிற உதவியைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டார். அந்தப் பெட்டிக்குள் நம்மால் எதையும் மாற்ற முடியாது மாமா என்று உள்ளதைச் சொன்னேன். தலையாட்டினார். வாசல்வரை போய் நின்றார்.

"நிறைய வேண்டாம்மா. திருப்பத்துல மட்டும், துளி கனமா இருந்தாப் போறும்."

ஆயில் மாற்ற வந்தபோது

சங்கராந்தி கழிந்து மாமியும் மாமாவும் ஆயில் மாற்ற வந்தார்கள். பட்டறை கேட்டில் நுழைய ஒரு மோசமான திருப்பம் உண்டு. நான் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங்கில் மாமியின் இரண்டு கைகளுக்கு நடுவே மாமாவின் வலது கையும் இருந்தது. முகத்தில் அத்தனை கவனம். ஏதோ வயர் விட்டுப்போய் மோட்டார் நின்றுவிட்டது என்று பதறி ஓடினேன்.

மாமா இறங்கி மாதேவுடன் பேசப் போனதும் மாமியிடம் கேட்டேன், "ஸ்டியரிங் கனமா இருக்கா மாமி?" மாமி சாவியை என் கையில் வைத்தார்.

"காத்து மாதிரி இருக்கு. அது அவருக்கும் தெரியும்."

இப்படியாக, ஒரு கையாலேயே திருப்பலாம் என்று நாங்கள் மழைக்காலம் முழுக்க மண்டையை உடைத்துச் செய்துகொடுத்த ஸ்டியரிங்கை இப்போது மைசூரில் மூன்று கைகள் திருப்பிக்கொண்டிருக்கின்றன.